மைனஸ் ஐந்தே கால்

எப்படித் தொலைத்தீர்கள் என்று கேட்கிறான்
பென்கூலன் ஸ்திரீட் கண்ணாடிக்கடை வெய் ஜியே.
குரங்கு என்கிறேன்.
பேனா நிற்கிறது.
எந்தக் குரங்கு, புக்கித் தீமாவா?
இல்லை. பிருந்தாவனம்.
அது எங்கே என்று அவன் கேட்கவில்லை.
முகவாயை எந்திரத்தில் வைக்கச் சொல்கிறான்.

முப்பத்திரண்டு பேர் போயிருந்தோம்.
மதுரா, கோகுலம், கோவர்த்தனம், கடைசியாக நாத்துவாரா.
செம்பவாங் கலியமூர்த்தி முன்னால் போவார்,
நாங்கள் பின்தொடர மஞ்சள் குடை ஒன்றை
வெயில் இல்லாதபோதும் விரித்துக்கொண்டு.
மூன்றாம் நாளே பஸ்ஸில் ரசத்தைப் பற்றித்தான் பேச்சு.
எச்சரித்துத்தான் இருந்தார்கள்,
கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள் என்று.
கழற்றினால் எனக்குப் படி எது, பசு எது என்று தெரியாது.

கோயில் சந்தில், மின்கம்பிக் கொத்துகளுக்கு மேலிருந்து
ஒரு கை வந்தது.
அத்தனை நேர்த்தியான கை.
மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.
மாம்பழச்சாறு வீசினால் திருப்பித் தரும் என்றான் ஒரு பையன்,
சாறும் அவனிடமே இருந்தது, ஐம்பது ரூபாய்.
வீசினேன். குடித்தது.
இன்னொன்று வீசினேன்.
அதையும் குடித்துவிட்டு
கண்ணாடியோடு கூரை தாண்டிப் போனது.

அப்படியேதான் போனேன் சன்னிதிக்கு,
கஸ்தூரி அக்காவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டு.
அங்கே திரையைப் போட்டுப் போட்டு எடுப்பார்கள்.
நெடுநேரம் பார்த்த யாரோ ஒருவரோடு
ஒருநாள் கிளம்பியே போய்விட்டாராம்.
அதிலிருந்து இந்த ஏற்பாடு.

திரை விலகியது.
நெரிசலில் என் கால் தரையில் இல்லை.
கறுப்பாக ஒரு கலங்கல்.
அதற்குள் வெள்ளையாக இரண்டு.
திரை விழுந்தது.
பார்த்தியா, பார்த்தியா என்று அக்கா அழுதாள்.
பார்த்தேன் என்றேன்.
விமானத்திலும் அதையே சொன்னேன்.
அலுவலகத்திலும்.

ஒன்று தெளிவா, இரண்டு தெளிவா?
வெய் ஜியே வில்லைகளைப் போட்டுப் போட்டு எடுக்கிறான்.
சுவரில் எழுத்துகள் வரிசையில் நின்று,
நெரிந்து, கலைகின்றன.
இது ஈ என்கிறேன். பிறகு எஃப் என்கிறேன்.
தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்,
தப்பில்லை, என்கிறான்.
இருபத்தேழு வயது இருக்கும் அவனுக்கு.
இந்த ஒரு வாரத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

முந்நூற்று எண்பது வெள்ளி.
பயணக் காப்புறுதிப் படிவத்தில்
இழப்பின் காரணத்துக்குச் சின்னக் கட்டம்தான்.
சாட்சி உண்டா என்று அதன்கீழ் இன்னொன்று.
கஸ்தூரி அக்கா பெயரை எழுதி, அடித்தேன்.
அவள் அப்போது கண்ணை மூடி நாமம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வில்லை வர நான்கு நாளாகும்.
பழைய ஜோடியை எப்போதோ தானப்பெட்டியில் போட்டாயிற்று.
வாட்டர்லூ ஸ்திரீட்டில் காதை வைத்து நடந்தேன்.
வலப்பக்கம் தாமரை மொட்டு விற்கும் குரல்.
அப்பால் குவான் இம் கோயிலில்
குறிக்குச்சிகள் குலுங்கும் ஓசை.
புகை வந்த இடத்தில் நின்றேன், கிருஷ்ணன் கோயில் வாசல்.
நீலச்சட்டைச் சீனப் பெண் ஒருத்தி
அங்கே கும்பிட்ட கையோடு இங்கேயும் கும்பிட்டு
ஊதுவத்தியைக் குத்திவிட்டு
மளிகைப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே பார்த்தேன்.
கறுப்பாக ஒரு கலங்கல்.
வெள்ளையாக இரண்டு.
திரை இல்லை. யாரும் தள்ளவில்லை.
கிளம்பி வந்தவரா, முன்பே இருந்தவரா,
கேட்க வாய் வரவில்லை.
மதிய உணவு நேரம் முடிந்து
இன்னும் இருபது நிமிடம் நின்றேன்.
வேலைக்குத் தாமதம்.

குரங்கு அதை எங்கே போட்டிருக்கும்?
ஏதோ ஒரு மொட்டைமாடியில்
தண்ணீர்த்தொட்டி மூடிமேல்
மல்லாந்து கிடக்கிறது என் மைனஸ் ஐந்தே கால்.
அதன் வழியே பிருந்தாவனம் முழுக்கத் தெரியும்,
சின்னதாக,
மிகத் தெளிவாக.